கடைசி பீரியடுக்குக் காத்திருந்த எலிசபெத்

மாணவச் செல்வங்களே! உங்களுக்குப் பிடித்த பீரியடு எது என்று கேட்டால், பாதிப் பேர் 'விளையாட்டு பீரியடு' என்று கத்துவீர்கள். மீதிப் பேர், 'கடைசி பீரியடு' என்பீர்கள். மணி அடித்ததும் பையைத் தூக்கிக் கொண்டு ஓடலாம் அல்லவா?

அமெரிக்காவில், எலிசபெத் எக்போர்டு என்ற மாணவியும் தினமும் கடைசி பீரியடுக்காகத்தான் காத்திருந்தாள். ஆனால், அவள் காத்திருந்தது வீட்டுக்கு ஓடுவதற்காக அல்ல. காலையில் இருந்து அதுவரை, அவளிடம் நட்பாகப் பேச வகுப்பில் ஆள் இருக்காது. கடைசி பீரியடில் மட்டும் இரண்டு பேர் பேசுவார்கள். அந்த இரண்டு பேரின் பேச்சுக்காகத்தான் அவள் நாள் முழுவதும் பொறுத்துக் கொண்டாள்.

ஏன் அப்படி? அவள் என்ன தவறு செய்தாள்? ஒரு தவறும் செய்யவில்லை. அவளுடைய கதையைக் கேளுங்கள்.

தோலின் நிறம்

அந்தக் காலத்தில் அமெரிக்காவின் தென் மாநிலங்களில் வெள்ளை இனத்தவரும் கறுப்பினத்தவரும் பல இடங்களில் தனித்தனியாகப் பிரிக்கப்பட்டு இருந்தனர். பஸ்சில் தனி இருக்கை, குடிக்கத் தனிக் குழாய், படிக்கத் தனிப் பள்ளி! வெள்ளைப் பிள்ளைகளின் பள்ளிகளுக்கு நல்ல கட்டடமும் புதிய புத்தகங்களும் கிடைத்தன. கறுப்பினப் பிள்ளைகளின் பள்ளிகளுக்கு, பெரும்பாலும் அவர்கள் பயன்படுத்தித் தள்ளியவைதான் கிடைத்தன.

'இப்படி இனம் பார்த்துப் பள்ளிகளைப் பிரிப்பது சட்டத்துக்கு விரோதம்' என்று, 1954 மே 17-ந் தேதி, அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தீர்ப்பு வந்து விட்டது. ஆனால், மனிதர்களின் மனது உடனே மாறிவிடுமா?

ஆர்கன்சா மாநிலத்தின் தலைநகரம் லிட்டில் ராக். அங்கே சென்ட்ரல் உயர்நிலைப் பள்ளி என்று ஒரு பெரிய பள்ளி உண்டு. 1927-ல் கட்டப்பட்ட, கோட்டை போன்ற கட்டடம். கிட்டத்தட்ட 2,000 மாணவர்கள். அத்தனை பேரும் வெள்ளையர். 1957-ல் அந்தப் பள்ளியில் சேர, கறுப்பின மாணவர்கள் ஒன்பது பேர் தேர்ந்தெடுக்கப்பட்டனர். ஆறு பேர் பெண்கள். மூன்று பேர் பையன்கள். 'லிட்டில் ராக் ஒன்பதின்மர்' என்று பிற்காலத்தில் உலகமே அவர்களை அழைத்தது. அவர்களில் ஒருத்திதான் எலிசபெத். அப்போது அவளுக்கு வயது 15. இயல்பாகவே கூச்ச சுபாவம் உள்ளவள். அதிகம் பேச மாட்டாள்.

தொலைபேசி இல்லாத வீடு

1957 செப்டம்பர் 4, புதன்கிழமை. புதிய பள்ளிக்குப் போகும் நாள். எலிசபெத் தானே தைத்த புதிய வெள்ளை உடையை அணிந்து கொண்டாள். அதன் கீழ்ப்பகுதியில் அழகான கட்டம் போட்ட துணி வைத்துத் தைத்திருந்தாள். அம்மா எல்லாரையும் கூப்பிட்டு பிரார்த்தனை செய்தார். பிறகு எலிசபெத் தனியாகக் கிளம்பினாள்.

உண்மையில் அவள் தனியாகப் போயிருக்கக் கூடாது. ஒன்பது பேரும் ஓர் இடத்தில் கூடி, பெரியவர்களின் துணையோடு ஒன்றாகப் போவது என்று முந்தைய இரவு முடிவாகி இருந்தது. கறுப்பின மக்களின் உரிமைக்காகப் பாடுபட்ட டெய்சி பேட்ஸ் என்ற பெண்மணி அந்த ஏற்பாட்டைச் செய்திருந்தார். மற்றப் பிள்ளைகளுக்குச் செய்தி போய்ச் சேர்ந்தது. எலிசபெத் வீட்டில் தொலைபேசி இல்லை. அதனால் அவளுக்கு மட்டும் தெரியவில்லை.

பஸ்சை விட்டு இறங்கி நடந்தாள். பள்ளியைச் சுற்றித் துப்பாக்கி ஏந்திய வீரர்கள் நின்றிருந்தனர். மாநில ஆளுநர் ஆர்வல் பாபஸ் அனுப்பிய படை அது. 'நம்மைப் பாதுகாக்கத்தான் நிற்கிறார்கள்' என்று எலிசபெத் நினைத்தாள். வெள்ளை மாணவர்களை அவர்கள் வழிவிட்டு உள்ளே அனுப்பியதையும் பார்த்தாள். அவளும் அதே வழியில் போனாள். வீரர்கள் துப்பாக்கிகளைக் குறுக்கே நீட்டி, அவளைத் தடுத்து விட்டனர்!

பின்னால் திரும்பினாள். நூற்றுக்கணக்கானோர் கூட்டமாகக் கத்திக் கொண்டு வந்தனர். 'அவளைக் கொல்லுங்கள்' என்று கூடச் சில குரல்கள் கேட்டன. கூட்டத்தில் யாராவது உதவ மாட்டார்களா என்று தேடினாள். ஒரு பாட்டியின் முகம் அன்பாகத் தெரிந்தது. நம்பிக்கையோடு அவரைப் பார்த்தாள். அந்தப் பாட்டி அவள் மீது எச்சில் துப்பினார்.

யோசித்துப் பாருங்கள். பள்ளிக்கூடம் போக வந்த ஒரு சிறுமி, கையில் நோட்டு, உடம்பில் புதுத்துணி, சுற்றிலும் இத்தனை வெறுப்பு!

அந்த நேரம், வில் கவுன்ட்ஸ் என்ற பத்திரிகைப் புகைப்படக்காரர் ஒரு படம் எடுத்தார். கறுப்புக் கண்ணாடி அணிந்து, நோட்டை மார்போடு அணைத்தபடி எலிசபெத் நடக்கிறாள். அவளுக்குப் பின்னால், ஹேசல் பிரையன் என்ற வெள்ளை மாணவி, வாயைக் கோணிக் கொண்டு கத்துகிறாள். அந்தப் படம் உலகம் முழுவதும் பரவியது. படத்தில் எலிசபெத்தின் முகத்தைப் பார்த்தால், 'அடேயப்பா! எவ்வளவு அமைதி' என்று தோன்றும். உள்ளே கால்கள் நடுங்கிக் கொண்டிருந்தது படத்தில் தெரியாது.

அழுவதைக் காட்டாதே

எப்படியோ நடந்து, பஸ் நிறுத்தத்தில் இருந்த பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். கூட்டம் அங்கேயும் வந்து விட்டது. நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையின் செய்தியாளர் பெஞ்சமின் பைன், அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். 'நீ அழுவதை இவர்கள் பார்க்க விடாதே' என்று மெதுவாகச் சொன்னார். கிரேஸ் லார்ச் என்ற வெள்ளைக்காரப் பெண்மணி, கூட்டத்தைக் கண்டித்துப் பேசினார். எலிசபெத்தோடு சேர்ந்து பஸ்சிலும் ஏறினார்.

எலிசபெத் நேராக அம்மா வேலை பார்த்த இடத்துக்குப் போனாள். ஒரு பள்ளியின் சலவைக் கூடத்தில் அம்மாவுக்கு வேலை. ஜன்னல் ஓரம் அம்மா தலைகுனிந்து நின்றிருந்தார். 'எனக்கு ஒன்றும் ஆகவில்லை அம்மா' என்று சொல்ல நினைத்தாள். வாயில் வார்த்தை வரவில்லை. அம்மா கட்டிப் பிடித்துக் கொண்டார். அதன் பிறகுதான் அவள் அழுதாள்.

அந்தச் செய்தியாளர் சொன்னது அந்த நேரத்துக்கு நல்ல யோசனைதான். வெறி பிடித்த கூட்டத்தின் முன் அழுதால், அவர்கள் இன்னும் கொக்கரிப்பார்கள். ஆனால், ஒரு நாளுக்குச் சொன்ன யோசனை, எலிசபெத்துக்கு வருடம் முழுவதும் பழக்கமாகிப் போனது.

பள்ளிக்கு உள்ளே

இதற்கிடையே, வழக்கு நீதிமன்றம் போனது. மாநிலப் படை விலகியது. செப்டம்பர் 23-ந் தேதி, பக்கவாட்டு வாசல் வழியாக ஒன்பது பேரும் உள்ளே அழைத்துச் செல்லப்பட்டனர். வெளியே கலவரம் மூண்டது. மதியத்துக்குள் அவர்களை வெளியேற்ற வேண்டியதாயிற்று. அமெரிக்க ஜனாதிபதி ஐசனோவர், ஆயிரத்துக்கும் மேற்பட்ட ராணுவ வீரர்களை அனுப்பினார். செப்டம்பர் 25-ந் தேதி, ராணுவப் பாதுகாப்போடு ஒன்பது பேரும் முன்வாசல் வழியாகப் பள்ளிக்குள் சென்றனர்.

செய்தித்தாள்களைப் பொறுத்தவரை, பெரிய பிரச்சினை முடிந்தது. எலிசபெத்துக்கோ அப்போதுதான் ஆரம்பம்!

ஒன்பது பேரையும் வெவ்வேறு வகுப்புகளில் போட்டிருந்தனர். அதனால், பக்கத்தில் சொந்த நண்பர் யாரும் இல்லை. ஆளுக்கு ஒரு ராணுவ வீரர் காவலுக்கு வந்தார். ஆனால், வகுப்பறைக்கு உள்ளே அவர் வர முடியாது. குளியல் அறைக்கும் வர முடியாது. துன்புறுத்த நினைத்தவர்களுக்கு அது போதுமே! படிக்கட்டில் பிடித்துத் தள்ளினார்கள். நடைபாதையில் வேண்டும் என்றே இடித்தார்கள். எச்சில் துப்பினார்கள். உடற்பயிற்சி வகுப்பு முடிந்து குளிக்கும் போது, கொதிக்கும் வெந்நீரைத் திறந்து விட்டார்கள்.

துன்புறுத்தியது மொத்தத்தில் கொஞ்சம் பேர்தான். மற்றவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? முகத்தைத் திருப்பிக் கொண்டார்கள். தொடக்கத்தில் ஒரு சிலர் சிரித்துப் பேசியதும் உண்டு. அப்படிப் பேசியவர்களையும் மற்றவர்கள் மிரட்டியதால், அவர்களும் ஒதுங்கிக் கொண்டனர்.

'அடித்தாலும் திருப்பி அடிக்கக் கூடாது' என்று ஒன்பது பேருக்கும் சொல்லப்பட்டிருந்தது. திருப்பி அடித்தால், அதையே காரணம் காட்டி வெளியேற்றி விடுவார்கள். மின்னிஜீன் பிரவுன் என்ற மாணவி 1958 பிப்ரவரியில் நீக்கப்பட்டாள். உடனே சில மாணவர்கள், 'ஒன்று போயிற்று, இன்னும் எட்டு' என்று அட்டையில் அச்சிட்டு விநியோகித்தார்கள்!

'பெரியவர் யார் பார்த்தது?'

எலிசபெத் முதலில் பள்ளி அலுவலகத்தில் போய்ப் புகார் சொன்னாள். பெரியவர் ஒருவர் கண்ணால் பார்த்திருந்தால்தான் நடவடிக்கை எடுக்க முடியும் என்றார்கள். பெரியவர் பார்க்கும் இடத்தில் யாராவது தள்ளுவார்களா? கொஞ்ச நாளில், அவள் புகார் சொல்வதையே நிறுத்தி விட்டாள்.

மாணவச் செல்வங்களே, இந்த இடத்தைக் கவனியுங்கள். ஒரு பிள்ளை புகார் சொல்வதை நிறுத்தி விட்டால், 'பிரச்சினை தீர்ந்தது' என்று பெரியவர்கள் நினைப்பார்கள். உண்மையில், சொல்லிப் பயன் இல்லை என்று அந்தப் பிள்ளை முடிவு செய்திருக்கலாம். வகுப்பில் சத்தம் போடும் பிள்ளையை ஆசிரியருக்கு முதல் நாளே தெரிந்துவிடும். சத்தமே போடாத பிள்ளையைத் தெரிந்துகொள்ள நாளாகும். இது, பல வருடங்கள் வகுப்பறையில் நின்ற எனக்குத் தெரிந்த உண்மை.

அந்த இரண்டு பேர்

இப்போது கடைசி பீரியடுக்கு வருவோம். எலிசபெத்துக்குக் கடைசி பீரியடு, பேச்சுப் பயிற்சி வகுப்பு. அங்கே ஒரு வெள்ளை மாணவனும் ஒரு வெள்ளை மாணவியும், தினமும் அவளிடம் வந்து பேசினார்கள். பெரிய ஆறுதல் வார்த்தை எதையும் அவர்கள் சொல்லவில்லை. எல்லாப் பிள்ளைகளும் பேசிக் கொள்வது போல, சாதாரணமாகப் பேசினார்கள். அவ்வளவுதான்!

அந்தப் பேச்சுக்காக அவர்களும் மற்றவர்களின் கோபத்துக்கு ஆளானார்கள். ஆனாலும் பேசுவதை நிறுத்தவில்லை. 'அவர்கள் என்னை ஒரு சாதாரண மனுஷியாக நடத்தினார்கள்' என்ற பொருளில், எலிசபெத் பிற்காலத்தில் பல முறை நன்றியோடு நினைவு கூர்ந்தார்.

2,000 பேர் படித்த பள்ளியில் இரண்டே பேர். அந்த இரண்டு பேரால் அவள்மேல் நடந்த கொடுமையை நிறுத்த முடியவில்லை. ஆனால், 'நாளைக்கும் பள்ளிக்கு வரலாம்' என்ற தெம்பை அவர்களால் தர முடிந்தது. அந்த வருடம் முழுவதையும் எலிசபெத் சென்ட்ரல் பள்ளியில் படித்து முடித்தாள்.

காயம் ஆறியதா?

அடுத்த கல்வி ஆண்டில், கறுப்பினப் பிள்ளைகளைச் சேர்க்க மனமில்லாமல், நகரத்தின் உயர்நிலைப் பள்ளிகளையே மூடி விட்டார்கள்! எலிசபெத் வேறு ஊருக்குப் போய்ப் படிப்பை முடித்தார். ராணுவத்தில் ஐந்து ஆண்டுகள் பணியாற்றினார். 1974-ல் லிட்டில் ராக் திரும்பினார்.

வருடங்கள் ஓடின. ஆனால், அந்தப் பள்ளி நாட்களைப் பற்றி அவரால் யாரிடமும் பேச முடியவில்லை. பேச நினைத்தாலே அழுகை வந்தது. ஆழ்ந்த மனச்சோர்வால் மிகவும் துன்பப்பட்டார். மருத்துவர்களின் உதவியும் தேவைப்பட்டது.

இது எதனால் வருகிறது? பயங்கரமான ஆபத்து வரும் போது, நம் உடம்புக்குள் ஓர் அபாய மணி அடிக்கிறது. இதயம் வேகமாகத் துடிக்கும்; கை கால்கள் ஓடத் தயாராகும். ஆபத்து போனதும் மணி நின்று விடும். ஆனால், ஆபத்து தினமும் வந்தாலோ, மிகவும் கொடியதாக இருந்தாலோ, சிலருக்கு ஆபத்து போன பிறகும் அந்த மணி நிற்காது. சின்னச் சத்தம் கேட்டால் கூடத் தூக்கிவாரிப் போடும். கெட்ட கனவுகள் வரும். இதைத்தான் 'மனக்காயம்' என்கிறோம். முட்டியில் பட்ட காயம் எல்லாருக்கும் தெரியும், மருந்து போடுவார்கள். மனக்காயம் வெளியே தெரியாது. அது கோழைத்தனம் அல்ல, 'நடிப்பு'ம் அல்ல. தைரியசாலிக்கும் வரும். எலிசபெத்தை விடத் தைரியசாலியை எங்கே தேடுவது?

1990-களின் பிற்பகுதியில், எலிசபெத் மெல்ல மெல்லப் பேசத் தொடங்கினார். யாரிடம் தெரியுமா? பள்ளி மாணவர்களிடம்! ஆரம்பத்தில் பேசும் போதே கண்ணீர் வந்தது. பேசப் பேச, மனது கொஞ்சம் கொஞ்சமாகத் தெம்பு பெற்றது. 'ஒதுக்கப்பட்ட பிள்ளையிடம் போய்ப் பேசுங்கள். அது அவர்களுக்கு எவ்வளவு பெரிய உதவி என்று உங்களுக்குத் தெரியாது' என்பதே மாணவர்களுக்கு அவர் சொன்ன முக்கியச் செய்தி. 2018-ல், தன் முதல் நாள் அனுபவத்தை, வேறு எழுத்தாளர்களுடன் சேர்ந்து புத்தகமாகவும் எழுதினார்.

படத்தில் கத்திய ஹேசல் என்ன ஆனாள்? சில வருடங்களில் அவள் மனம் வருந்தினாள். எலிசபெத்தைத் தொலைபேசியில் அழைத்து மன்னிப்புக் கேட்டாள். 1997-ல் இருவரும் நேரில் சந்தித்துச் சில காலம் தோழிகளாகவும் பழகினார்கள். பிறகு அந்த நட்பு முறிந்து போனது. 'சாரி' என்பது நல்ல வார்த்தைதான். ஆனால், அந்த ஒரே வார்த்தையில் எல்லாக் காயமும் ஆறிவிடாது. அதனால்தான், காயப்படுத்தும் முன்பே யோசிக்க வேண்டும்.

நம் வகுப்பில்...

குட்டீஸ்! நீங்களும் நண்பர்களோடு 'டூ' விடுவீர்கள். இரண்டு நாளில் 'பழம்' விட்டுச் சேர்ந்து கொள்வீர்கள். அது விளையாட்டு. ஆனால், ஒரு பிள்ளையை எல்லாருமாகச் சேர்ந்து, எல்லா நாளும் ஒதுக்குவது விளையாட்டு அல்ல. நிறம், சாதி, உடை, குண்டு, திக்குவாய், ஏழ்மை என்று ஏதோ ஒரு சாக்கு சொல்வார்கள். ஆட்டத்தில் 'ஒப்புக்குச் சப்பாணி'யாகக் கூடச் சேர்க்க மாட்டார்கள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் அந்தப் பிள்ளை தனியாக டிபன் பாக்சைத் திறக்கும். உங்கள் வகுப்பில் அப்படி யாராவது இருக்கிறார்களா? ஒருமுறை திரும்பிப் பாருங்கள்.

இருந்தால், நீங்கள் செய்யக் கூடியவை:

* பக்கத்தில் போய் உட்காருங்கள். 'இன்னிக்கு என்ன சாப்பாடு?' என்று கேளுங்கள். அதுவே போதும்.
* 'ஏன் அழுதே? என்ன நடந்துச்சு?' என்று துருவித் துருவிக் கேட்காதீர்கள். சொல்ல விரும்பினால், குறுக்கே பேசாமல் கேளுங்கள்.
* கேட்டதை வகுப்பு முழுவதும் பரப்பாதீர்கள். ஆனால், அடி உதை, மிரட்டல், தவறான தொடுதல், உயிருக்கு ஆபத்து என்றால், ரகசியம் காக்கக் கூடாது. நம்பிக்கையான பெரியவரிடம் உடனே சொல்ல வேண்டும்.
* நீங்கள் கண்ணால் பார்த்ததைப் போய்ச் சொல்லுங்கள். எலிசபெத்துக்குக் கிடைக்காத சாட்சியாக நீங்கள் இருங்கள்.

ஒதுக்கப்படும் பிள்ளை நீங்களே என்றால், இது உங்களுக்கு:

* தவறு உங்களுடையது அல்ல.
* கேலி செய்பவர்கள் முன் அழாமல் இருக்கலாம். ஆனால், அம்மா, அப்பா, பாட்டி, பிடித்த டீச்சர் என்று யாராவது ஒருவர் முன் அழுது விடுங்கள். நடந்ததைச் சொல்லி விடுங்கள். பேச்சு வரவில்லையா? தாளில் எழுதிக் கொடுங்கள்.
* முதலில் சொன்ன பெரியவர் காதில் போட்டுக் கொள்ளாவிட்டால், இரண்டாமவரிடம் சொல்லுங்கள். அவரும் கேட்காவிட்டால், மூன்றாமவரிடம் சொல்லுங்கள். நிறுத்தி விடாதீர்கள்.
* யாரிடமும் சொல்ல முடியாத நிலையில், 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்கு, இரவு பகல் எந்த நேரத்திலும், கட்டணம் இல்லாமல் பேசலாம்.

சென்ட்ரல் உயர்நிலைப் பள்ளி இன்றும் நடக்கிறது. எல்லா இனப் பிள்ளைகளும் அங்கே ஒன்றாகப் படிக்கிறார்கள். 2018 செப்டம்பர் 4-ந் தேதி, எலிசபெத் அன்று உட்கார்ந்த பஸ் நிறுத்தத்தில், அதே போன்ற ஒரு பெஞ்சை நினைவுச் சின்னமாக வைத்தார்கள். அதற்காக முயற்சி எடுத்தவர்களில் அந்தப் பள்ளி மாணவர்களும் உண்டு.

1957-ல் அந்த பெஞ்சில், அவளைச் சுற்றிப் பெரிய கூட்டம் இருந்தது. பக்கத்தில் உட்கார வந்தவர்கள்தான் மிகக் குறைவு. உங்கள் வகுப்பிலும் ஒரு பெஞ்சு இருக்கும், செல்வங்களே. நாளைக்குப் போனதும் அதில் இடம் இருக்கிறதா என்று பாருங்கள்!